லீவில் வந்த சிப்பாயும் மேலப்பாளையத்துக் கொட்டகையும்

ராணுவத்திலிருந்து லீவில் ஊர் திரும்பும் சிப்பாயைத் தாமிரபரணிக் கரையில் அறியாதவர் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் இரும்புப் பெட்டியுடன் இறங்கும் அவர், பெரும்பாலும் அம்மன் கோயில் கொடைக்கோ தங்கை கல்யாணத்துக்கோ நாள் கணக்குப் பார்த்து லீவு வாங்கி வந்தவராக இருப்பார். "மிலிட்டரிக்காரர் வந்திருக்கிறார்" என்று தெருவில் பேச்சுக் கிளம்பும். அவர் ஆற்றில் குளிப்பார். வீட்டுக் கூரையைச் செப்பனிடுவார். பாங்கிக்குப் போய் வருவார். எல்லையில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு புன்னகைக்கு மேல் பதில் சொல்லமாட்டார். லீவு முடிந்ததும் வந்த வழியே போய்விடுவார்.

சினிமாவில் லீவில் வரும் சிப்பாய் வேறு ரகம். அவன் வந்து இறங்கிய சில நாட்களுக்குள் ஊரில் வெடிகுண்டு வெடிக்கும். போலீஸார் விழித்துக்கொள்வதற்கு முன் அவன் துப்புத் துலக்கிவிடுவான். இந்தக் கதைக்கு நம் ஜனங்களிடையே உள்ள கவர்ச்சி சாமானியமானதன்று. அதை நாம் குறை கூறவும் முன்வரவில்லை. ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக ஆறு மாதம் சர்க்கார் காரியாலயத்துக்கு நடக்கும் பிரஜைக்கு, கோப்பும் கையொப்பமும் இல்லாமல் ஒருவன் இரண்டரை மணி நேரத்தில் தேசத்தைக் காப்பாற்றிவிடுவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாக் கதைகளிலும் சிப்பாய்க்கு எதிரே ஒரு சத்துரு நிற்க வேண்டும் அல்லவா? அந்தச் சத்துருவுக்கு எந்த முகத்தைப் பொருத்துகிறார்கள் என்பதில்தான் வம்பு பிறக்கிறது.

1912-ல் அல்ல, 2012-ம் வருஷம் தீபாவளியன்று வெளிவந்த 'துப்பாக்கி'யை எடுத்துக்கொள்வோம். ஏ. ஆர். முருகதாஸ் டைரக்ஷனில் விஜய் நடித்த இப்படத்தில் கதாநாயகன் ஜகதீஷ், லீவில் பம்பாய்க்குத் திரும்பும் ராணுவ உத்தியோகஸ்தன். ஊருக்குள் பதுங்கியிருக்கும் பன்னிருவரைத் தன் தோழர்களுடன் சேர்ந்து ஒரே வேளையில் தீர்த்துக்கட்டுகிறான். கொட்டகைகளில் விசில் பறந்தது. ஆனால் பதுங்கியிருப்பவர்கள் யாவரும் முஸ்லிம்களாகவே காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று முஸ்லிம் ஸ்தாபனங்கள் கண்டனம் தெரிவித்தன. படமுதலாளியும் டைரக்டரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சில பகுதிகளை நீக்க இசைந்தார்கள். அத்துடன் விவகாரம் தீர்ந்தது என்று பலரும் எண்ணினார்கள்.

தீரவில்லை என்பதற்குத் தமிழ்ப் பாஷையே சாக்ஷி. 'ஸ்லீப்பர் செல்' என்ற சொற்றொடரை அதற்கு முன் நம் ஊரில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? அந்தப் படத்துக்குப் பிறகு, டெலிவிஷனில் பண்டிகைக்குப் பண்டிகை அது திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட பிறகு, டீக்கடைப் பெஞ்சிலும் அது வழங்கலாயிற்று. 2017-ம் வருஷம் அ. தி. மு. க. பிளவுபட்டிருந்தபோது, எதிர் அணியில் தம்முடைய 'ஸ்லீப்பர் செல்கள்' இருப்பதாக ஸ்ரீ டி. டி. வி. தினகரன் சொல்லவில்லையா? அரசியல்வாதி சொன்னால் அது வேடிக்கை. வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம் வாலிபனைப் பார்த்து வீட்டுக்காரர் மனத்துக்குள் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டால் அது வேடிக்கை ஆகாது. நீக்கப்பட்ட காட்சிகள் நீங்கின, வார்த்தை தங்கிவிட்டது.

அப்போது நம்மவர்களில் பலர் என்ன சொன்னார்கள்? "சினிமாதானே ஐயா, கதைதானே! இதற்கு ஏன் இத்தனை ரோஷம்?" என்றார்கள். நல்லது. ஒன்பது வருஷங்கள் சென்றன. 2021-ம் வருஷம் மே மாதம் 'தி ஃபேமிலி மேன்' என்னும் ஹிந்தித் தொடரின் இரண்டாம் பாகத்துக்கு முன்னோட்டம் வெளியாயிற்று. துப்பறியும் உத்தியோகஸ்தன் ஒருவனைப் பற்றிய இத்தொடர் கொட்டகைக்கு வருவதில்லை. இன்டர்நெட் மூலம் வீட்டுக்குள்ளேயே வருவது. தணிக்கை போர்டாரின் சர்ட்டிபிகேட்டும் அதற்கு வேண்டியதில்லை. இம்முறை சத்துருவாக நிறுத்தப்பட்டவள் ஒரு தமிழ்ப் பெண்: ஈழப் போராளியான ராஜி. நடிகை சமந்தாவுக்கு முகத்தில் கருமை பூசி அவ்வேஷத்தைக் கொடுத்திருந்தார்கள். ஈழத்துப் போராளிகளுக்கும் பாகிஸ்தான் உளவு ஸ்தாபனத்துக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தமிழ்நாடு கொதித்தது. ஸ்ரீ வைகோ கடிதம் எழுதினார். மாநில மந்திரி ஸ்ரீ மனோ தங்கராஜ், தொடரைத் தடை செய்ய வேண்டுமென்று மே 24-ந் தேதி மத்திய மந்திரி ஸ்ரீ பிரகாஷ் ஜாவடேகருக்கு எழுதினார். ஆயினும் ஜூன் 4-ந் தேதி தொடர் வெளிவந்தது.

அன்று கொதித்தவர்களின் மனவருத்தம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். எண்ணற்ற உயிர்களைப் பறிகொடுத்த ஒரு ஜன சமூகத்தின் துயரத்தை, ஒரு சாகஸக் கதைக்குத் தாளிதமாகப் போட்டுவிட்டார்கள் என்ற ஆத்திரம் இயற்கையானதே. ஆனால் 2012-ல் "கதைதானே" என்று சொன்ன அதே வாய்கள் 2021-ல் "தடை செய்" என்று முழங்கின என்பதையும் மறைப்பதற்கில்லை. தன் முதுகில் அடி விழும்போதுதான் பிரம்பின் கனம் தெரிகிறது போலும்!

இப்போது நமது ஊருக்கு வருவோம். 2024-ம் வருஷம் தீபாவளிக்கு, அக்டோபர் 31-ந் தேதி, 'அமரன்' வெளியாயிற்று. இது கற்பனைச் சிப்பாயின் கதையன்று. தாம்பரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், ராஜ்புத் ரெஜிமெண்டிலிருந்து 44-வது ராஷ்டிரீய ரைபிள்ஸ் படைக்குச் சென்று பணியாற்றியவர். 2014-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி காஷ்மீரத்து ஷோபியான் ஜில்லாவில் பயங்கரவாதிகளுடன் நடந்த சண்டையில் உயிர் நீத்தவர். அசோக சக்கரம் அளிக்கப்பெற்றவர். ராஜ்குமார் பெரியசாமி டைரக்ட் செய்ய, கமல ஹாஸனின் கம்பெனி தயாரிக்க, சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நடித்தனர். முடிவு தெரிந்த கதை; எனினும் ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள், கண்ணீர் விட்டார்கள். முதன்மந்திரி ஸ்ரீ ஸ்டாலினும் பார்த்துப் பாராட்டினார்.

ஜனங்களின் உணர்ச்சி எப்படியெல்லாம் வெளிப்படும் என்பதற்கு ஒரு சிறு விஷயம் சொல்லலாம். படத்தில் ஒரு காட்சியில் கதாநாயகியின் டெலிபோன் நம்பர் தெரிகிறது. அது உண்மையில் சென்னையில் படிக்கும் ஒரு மாணவருடைய நம்பர். அவ்வளவுதான், பையனுக்கு இரவு பகலாகத் தூக்கமில்லை. நடிகையுடன் பேச வேண்டுமென்று ஊரெல்லாம் கூப்பிட்டது. அவர் வக்கீல் நோட்டீஸ் விட்டு, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கேட்டு, ஹைக்கோர்ட்டுக்கும் போனார். திரையில் காண்பது உண்மை என்று நம்பும் பேதைமை பெரியவர்களிடமும் இருக்கிறது. ஆகவேதான் படமெடுப்பவர் திரையில் எதைக் காட்டுகிறார் என்பது கவலைக்குரிய விஷயமாகிறது.

'அமரன்' மீது ஆக்ஷேபங்களும் எழுந்தன. கதாநாயகரின் ஜாதி ஏன் குறிப்பிடப்படவில்லை என்று சிலர் கேட்டார்கள். அவரை இந்தியன் என்றும் தமிழன் என்றும் காட்டினால் போதும் என்பதே குடும்பத்தாரின் விருப்பம் என்று டைரக்டர் பதில் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சிப்பாய்கள் பஜ்ரங்க பலிக்கு ஜே போடுவது ஒரு மதப் பிரசாரம் என்றும் சிலர் எழுதினார்கள். அது ராஜ்புத் ரெஜிமெண்டாரின் யுத்த கோஷம். எந்தப் படமுதலாளியும் புதிதாகக் கற்பித்ததன்று. இவ்விரண்டையும் தள்ளிவிடலாம். மூன்றாவது ஆக்ஷேபம் அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. காஷ்மீர ஜனங்களையும் முஸ்லிம்களையும் பொதுவாகவே பயங்கரவாதத்துக்குத் துணை நிற்பவர்களாகப் படம் காட்டுகிறது என்று எஸ். டி. பி. ஐ. கட்சியார் நவம்பர் மாதம் சென்னையில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அக்கட்சியின் கொள்கைகளில் நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் வீதியில் நின்று கோஷமிட்டுக் கண்டனம் தெரிவிப்பது எந்தக் கட்சிக்கும் உள்ள உரிமை. அதைச் சிலர் தேசத் துரோகம் என்று வர்ணித்தது வெறும் அவசர புத்தி.

நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் மேலப்பாளையத்தில், 'அமரன்' நடந்துகொண்டிருந்த அலங்கார் தியேட்டர் மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. காட்சி இல்லாத நேரமாகையால் உயிருக்குச் சேதம் இல்லை. வீசியவர் யார், எதற்காக வீசினார் என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியது கோர்ட்டு. நாம் எந்த நபர் மீதும் எந்த ஸ்தாபனத்தின் மீதும் குற்றம் சுமத்த முன்வரவில்லை. சென்னையில் பகலில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களையும் நெல்லையில் இருளில் குண்டு வீசியவர்களையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசுவதும் நியாயமன்று.

ஆனால் செய்கையைப் பற்றி நமது அபிப்பிராயத்தில் தயக்கம் எதுவும் இல்லை. அது அயோக்கியத்தனமான செய்கை. அத்துடன் மூடத்தனமான செய்கையுங்கூட. அந்தக் கொட்டகையில் டிக்கெட் விற்பவரும், கூட்டிப் பெருக்குபவரும், காபி கொண்டு வருபவரும் யார்? அந்த வட்டாரத்து ஏழைகளே. குண்டு ஒரு மணி நேரம் தவறி வீசப்பட்டிருந்தால் எரிந்திருக்கக் கூடியவர்கள் அவர்கள். படம் நின்றதா? டிசம்பர் 5-ந் தேதி முதல் அதே படம் நெட்பிளிக்ஸ் மூலம் கைபேசி வைத்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தக் கொட்டகை மீது எறிந்து அதைத் தடுப்பது?

இதனிலும் பெரிய தீங்கு ஒன்று விளைந்தது. நெசவுக்கும் பீடிக்கும் ஆட்டுச் சந்தைக்கும் பேர்போன மேலப்பாளையத்தை, ஏதோ சத்துருக்களின் பாசறை போல வர்ணிப்பதற்குச் சிலருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. மறுநாளே கைபேசிகளில் எத்தனை விஷமச் செய்திகள்! ஓர் ஊர் முழுவதும் குண்டு வீசியது போல எழுதினார்கள். அந்தக் கொட்டகையில் காசு கொடுத்து முகுந்த் வரதராஜனுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் மேலப்பாளையத்து முஸ்லிம்களும் இருந்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படி எழுதியவர்களில் தம்மைத் தேசீயவாதிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இருந்ததுதான் நமக்கு வெட்கம். திருநெல்வேலியின் தேசீயம் எங்கே பிறந்தது என்பதை அவர்கள் அறியார்கள் போலும். 1906-ம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, பெருந்தொகைக்குப் பங்கு வாங்கிக் கைகொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிரே போட்ட அந்தக் கப்பலில் ஹிந்துவின் பணம் எது, முஸ்லிமின் பணம் எது என்று பிரித்துப் பார்த்தவர் இல்லை.

இங்கே ஒரு சாமர்த்தியமான கேள்வியை எதிர்பார்க்கிறோம். "1908-ம் வருஷம் மார்ச் 13-ந் தேதி இதே திருநெல்வேலியில் முனிசிபல் ஆபீஸையும் தபாலாபீஸையும் போலீஸ் ஸ்டேஷனையும் கொளுத்தினார்களே, அதை மட்டும் எழுச்சி என்று கொண்டாடுகிறீர்களே?" என்று கேட்கலாம். பதில் சொல்கிறோம். அன்று சிதம்பரம் பிள்ளையைச் சிறைப்பிடித்த சர்க்காரை மாற்ற ஜனங்களுக்கு ஓட்டு இல்லை. அந்தச் சர்க்காரின் நீதி எப்படிப்பட்டது என்பதை, அவருக்கு ஜட்ஜு பின்ஹே இரட்டை ஜன்ம தண்டனை விதித்ததிலிருந்தே உலகம் அறிந்தது. கலகத்தின்போது போலீஸார் சுட்டு நால்வர் மாண்டார்கள். இன்றோ, ஒரு படத்தின் மீது குறைபாடுள்ளவனுக்குப் பத்திரிகை இருக்கிறது, மேடை இருக்கிறது, தணிக்கை போர்டு இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, தானே ஒரு படம் எடுத்துப் பதில் சொல்லும் வசதியும் இருக்கிறது. இத்தனை வாசல்கள் திறந்திருக்கும்போது சுவரில் கன்னம் வைப்பவனுக்கு 1908-ன் தியாகிகளைத் துணைக்கழைக்க உரிமை கிடையாது.

குண்டு வீசுபவனைக் கண்டிப்பது சுலபம். தடை போடும் சர்க்காரைக் கண்டிக்கத்தான் நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. 2013-ம் வருஷம் ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு நேர்ந்ததை நினைவுபடுத்துகிறோம். தணிக்கை போர்டார் சர்ட்டிபிகேட் கொடுத்த படம். அமைதி கெடும் என்று சொல்லி, மாநிலத்தின் ஜில்லாக் கலெக்டர்கள் கிரிமினல் புரொஸீஜர் கோடு 144-வது பிரிவின் கீழ்ப் பதினைந்து நாள் தடை போட்டார்கள். ஹைக்கோர்ட்டு ஜட்ஜு ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார். மறுநாளே அப்பீல் பெஞ்சு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கமல ஹாஸன், தேசத்தை விட்டே போக நேரலாம் என்று மனம் நொந்து பேசினார். கடைசியில் ஏழு இடங்களில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7-ந் தேதி படம் தமிழ்நாட்டில் வெளிவந்தது. 144-வது பிரிவு 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் 163-வது பிரிவாகியிருக்கிறது. நம்பர் மாறியது, அதிகாரிகளின் சுபாவம் மாறியதாகத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் சட்டம் மயக்கத்துக்கு இடமின்றி இருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம், இட ஒதுக்கீட்டுக் கொள்கையைக் குறை கூறுகிறதென்று கலகம் எழுந்து, ஹைக்கோர்ட்டு அதன் சர்ட்டிபிகேட்டையே ரத்துச் செய்தது. 1989-ம் வருஷம் மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அத்தீர்ப்பைத் தள்ளினார்கள். ஆர்ப்பாட்டம் நடக்கும், கலகம் வரும் என்ற பயமுறுத்தலுக்காகப் பேச்சுரிமையை நசுக்க முடியாது. அந்தக் கலகத்தை அடக்கி உரிமையைக் காப்பதே சர்க்காரின் கடமை என்பது அதன் சாரம். அப்படத்தின் கருத்து நமக்கு ஏற்புடையதன்று. தீர்ப்பு முழுக்க ஏற்புடையது. பாரதியின் நூல்களை 1928-ல் பறிமுதல் செய்ததும், கல்கியின் கதையை வைத்து 1939-ல் கே. சுப்ரமண்யம் எடுத்த 'தியாகபூமி'யைத் தடுத்ததும் இதே அமைதியின் பெயரால்தான். தடையென்னும் ஆயுதம் இன்று நம் கட்சியின் கையில் இருக்கிறதென்று மகிழ்கிறவர்கள், நாளை அது யார் கையில் இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

தடை வேண்டாம் என்றால் முஸ்லிம்களின் மனக்குறைக்கு என்ன பதில் என்று கேட்பது நியாயம். பத்து வினாடிக் காட்சியை வெட்டுவது பதிலாகாது. ஒரு வசனத்தை ஊமையாக்குவதும் ஆகாது. கதை சொல்பவர்கள் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதே குறை. லீவில் வீடு திரும்பிய சிப்பாய்களின் உண்மைக் கதைகளை அவர்கள் தேடிப் பார்க்கவில்லை.

இதை நம் முன்னோர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1945-ம் வருஷம் நவம்பரில் செங்கோட்டையில் பிரிட்டிஷார் ராஜத்துரோக விசாரணை நடத்தியபோது, குற்றவாளிக் கூண்டில் நின்ற இந்திய தேசீய ராணுவத்தினர் மூவர்: ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான், ஒரு முஸ்லிம், ஒரு ஹிந்து, ஒரு சீக்கியர். பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். மலேயாவிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். மூவரின் பெயரையும் தேசம் ஒன்றாகவே உச்சரித்தது. அன்றைய பத்திரிகைகள் எந்தத் திரைக்கதாசிரியனுக்காகவும் காத்திருக்கவில்லை.

காஷ்மீரத்திலோ அப்படிப்பட்ட கதைகள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. லெப்டினெண்ட் உமர் பயாஸ், ராஜ்புதனா ரைபிள்ஸ் படையைச் சேர்ந்தவர், வயது 22. ராணுவத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2017-ம் வருஷம் மே மாதம், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக லீவில் ஊர் வந்தவரைப் பயங்கரவாதிகள் இரவில் தூக்கிச் சென்று சுட்டுக் கொன்றார்கள். இதுவும் ஷோபியான் ஜில்லா. லான்ஸ் நாயக் நஸீர் அகமது வானி, ஒரு காலத்தில் தாமே பயங்கரவாதிகளுடன் இருந்து, அதை விட்டு வெளியே வந்து, ராணுவத்தில் சேர்ந்தவர். 2018-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி சண்டையில் மாண்டார். அதே ஷோபியான். முகுந்த் வரதராஜனுக்குக் கொடுத்த அதே அசோக சக்கரத்தை 2019-ம் வருஷம் குடியரசு தினத்தன்று அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார். காஷ்மீரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இன்னொருவர் ரைபிள்மேன் ஔரங்கஸேப், பூஞ்ச் ஜில்லாக்காரர். பணியாற்றியது 44-வது ராஷ்டிரீய ரைபிள்ஸில். மேஜர் முகுந்த் இருந்த அதே படை. 2018-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, ரம்ஜான் பெருநாளைக் குடும்பத்துடன் கொண்டாட லீவு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வழியில் புல்வாமாவில் வண்டியை மறித்து அவரைக் கடத்திச் சென்றார்கள். அன்றிரவே குண்டு துளைத்த உடல் கிடைத்தது. பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சர்க்கார் சௌரிய சக்கரம் அளித்தது. தகப்பனாரும் பழைய சிப்பாய்தான்.

'அமரன்' எடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருந்திருக்க முடியாது; ஒரே படையின் சரித்திரம் அல்லவா? அடுத்தபடியாக லீவில் ஊர் திரும்பும் சிப்பாயின் கதையைத் தேடும் கோடம்பாக்கத்துப் படமுதலாளிகளுக்கும், ஆக்ஷேபம் தெரிவிக்க மறுபடியும் கூடவிருக்கும் முஸ்லிம் ஸ்தாபனங்களுக்கும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி சொல்கிறோம்: ஔரங்கஸேப் இறந்த மறு வருஷம், 2019-ல், அவருடைய தம்பிமார் இருவர் ராணுவத்தில் சேர்ந்தார்கள்.